பி.பி. மருந்து ஓடும் பச்சிளங்குழந்தை: பெற்றோர் கேட்க வேண்டியவை

“குழந்தைக்கு பி.பி. இறங்கிடுச்சு, மருந்து போட்டிருக்கோம்.” பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் பலருக்கு இவ்வளவுதான் சொல்லப்படுகிறது. இது போதாது. என்ன மருந்து, எதற்காக, என்ன ஆபத்து என்று அறிவது உங்கள் உரிமை.

எப்போது தேவை?

ரத்தத்தில் கிருமித்தொற்று, பிறக்கும்போது மூச்சுத்திணறல், குறைப்பிரசவம், பிறவி இதயக் கோளாறு ஆகியவற்றால் ரத்த ஓட்டம் தளரலாம். கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். நெஞ்சை விரலால் அழுத்தி எடுத்தால் தோலின் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும். மானிட்டரில் தெரியும் எண் மட்டும் போதாது.

இதற்குத் தரும் மருந்துகளில் டோபமைனும் அட்ரினலினும் ரத்த அழுத்தத்தை உயர்த்தும். டோபுட்டமைன் இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும். இவை குழந்தையைத் தாங்கிப் பிடிக்குமே தவிர, நோயைத் தீர்க்காது. கிருமித்தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் சிகிச்சை தனியே நடக்க வேண்டும்.

ஆபத்துகள்

இதயம் படபடக்கலாம், அட்ரினலினால் ரத்தச் சர்க்கரை ஏறலாம். கைநரம்பில் ஏறும் டோபமைன் வெளியே கசிந்தால் அந்த இடம் வெளுத்து, வீங்கி, தோலே அழுகிவிடக்கூடும். முடிந்தவரை தொப்புள் நரம்புக் குழாய் போன்ற பெரிய நரம்புவழி கொடுப்பது இதனால்தான். குழந்தையைப் பார்க்கும்போது ஊசி ஏறும் இடத்தையும் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள்.

டோபமைனின் வேலை சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆகவே வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது, மருந்தைச் சீராகச் செலுத்தும் கருவியான சிரிஞ்ச் பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். அந்த வசதியுள்ள ஆம்புலன்ஸ்தானா என்று கேளுங்கள். மருந்து ஓடும்போதே சொந்தப் பொறுப்பில் குழந்தையைத் தூக்கிச் செல்லாதீர்கள்.

உரிமையும் தீர்வும்

2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். மருந்தை வெளியே வாங்கிவரச் சொன்னால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள். எழுத்தில் கேட்டு, அதன் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கி வையுங்கள். எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை மணிக்கு ஏறியது என்பதற்கு அந்த ஆவணமே சான்று.

மருத்துவரின் அலட்சியம் என்று கருதினால் மாநில மருத்துவக் கவுன்சிலை அணுகலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சைக்கு, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம்.

வீடு திரும்பியதும் அந்த ஆவணங்களோடு செவித்திறன், பார்வை, வளர்ச்சிப் பரிசோதனைகளுக்குத் தவறாமல் செல்லுங்கள். குறை எதுவும் இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்து உதவ முடியும்.