சுவரில் மாட்ட ஒரு மார்ட்டினி-ஹென்றி

கொல்லிமலைப் பக்கம் ஒற்றைக்குழல் என்றால் நாட்டுத் துப்பாக்கிதான்: குழல் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடுவது. 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றியிலும் ஒருதரம் போட்டால் ஒரே குண்டு. ஆனால் அடியிலுள்ள நெம்புகோலை இறக்கினால் பின்பக்கம் திறக்கும். தோட்டாவைச் செருகி மூட வேண்டியதுதான்.

அதன் நகலை நாமக்கல் வீட்டுச் சுவரில் மாட்ட ஆசையா? அழகைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குழலைப் பாருங்க. வெளிநாட்டில் செய்யும் பழைய ரைபிள் நகல்கள் பல நிஜமாகவே சுடும். “பழைய மாடல்தானே” என்று தப்பிக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய ரகத்துக்குத்தான் விலக்கு தருகிறது. பொம்மையைச் சுடும்படி மாற்றவும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு.

அதனால் குழலில் துளையே இல்லாத நகலை எடுங்க. நெம்புகோல் மட்டும் அசைந்தால் போதும். வீட்டுக்கு வர்ற பசங்களுக்கு அது எப்படி வேலை செஞ்சதுன்னு காட்டிடலாம்.