ஒரே 'சிப்'பில் 4 விளக்கு ஆட்டம்! 50-வது நாளில் காத்திருக்கும் கண்டம்!

தோரண வாயிலில் பச்சை விளக்கு ஓடுகிறது. நடுவே மயில் தோகை விரிக்கிறது. மேலே சக்கரம் சுழல்கிறது. கீழே சாமி பெயர் கண் சிமிட்டுகிறது.

நாலுக்கும் நாலு வேகம். ஒன்றுக்காக இன்னொன்று நிற்பதில்லை.

"உள்ளே நாலு பெட்டி வெச்சிருப்பாங்க" என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரே ஒரு சிப் இத்தனையையும் ஆட்டி வைக்கிறது.

உருளை போச்சு

முன்பெல்லாம் மோட்டார் உருளைதான். உருளை சுற்றும், அதில் பதித்த தகடு கம்பியைத் தொடும், விளக்கு எரியும். தகடு தேய்ந்தால் தீப்பொறி பறக்கும்.

இப்போது சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் 'ஆர்டுயினோ' போர்டு கிடைக்கும். 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்தது. இதன் 'ஊனோ' ரகத்தில் உள்ள சிப்புக்கு விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு!

இவ்வளவு வேகம் இருந்தும், சீரியல் செட் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள்.

தூங்கும் சிப்

'டிலே' என்ற கட்டளைதான் அந்த இடம். "500 மில்லி விநாடி சும்மா இரு" என்று சிப்புக்குச் சொல்வது அது.

மயிலுக்காகச் சிப் அரை விநாடி சும்மா இருந்தால், தோரணம் அப்படியே நிற்கும். சக்கரம் தடுமாறும். சாமி பெயர் பாதியில் உறையும்.

உடனே ஆட்டத்துக்கு ஒரு போர்டு என்று 4 போர்டு வாங்குவார்கள். கூலியில் பாதி அதிலேயே கரையும்!

டைம் கீப்பர் பாணி

வழி என்ன? பஸ் நிலையத்து டைம் கீப்பரைப் பாருங்கள். ஒரு பஸ் கிளம்பும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறார்? எந்த ரூட் எப்போது கிளம்பியது என்று நோட்டில் குறிக்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரமான பஸ்ஸை அனுப்புகிறார்.

சிப்பும் அதையே செய்யலாம். 'மில்லிஸ்' என்பது அதன் கடிகாரம். இப்போதைய நேரத்தில் இருந்து கடைசியாக மாறிய நேரத்தைக் கழிக்க வேண்டும். இடைவெளி ஆகிவிட்டதா? விளக்கை மாற்று, புது நேரத்தைக் குறி. ஆகவில்லையா? காத்திராதே, அடுத்த ஆட்டத்தைப் பார்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி நேரம், தனி இடைவெளி, எந்தப் படியில் நிற்கிறது என்ற குறிப்பு... அவ்வளவுதான்! விநாடிக்குப் பல ஆயிரம் முறை சுற்றி வருவதால், நாலும் ஒன்றாக நடப்பது போலவே கண்ணுக்குத் தெரியும்.

50 நாள் கண்டம்

கடைக்காரர்களே, இதைக் கவனியுங்கள்! அந்தக் கடிகாரம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 மில்லி விநாடி வரைதான் எண்ணும். அதாவது சுமார் 49 நாள் 17 மணி. பிறகு மறுபடி பூஜ்யம்!

'அடுத்து மாற வேண்டிய நேரம்' என்று கூட்டி வைத்துக் காத்திருந்தால், அந்த நேரம் வராமலே போகலாம். ஆடி முதல் தேதி போட்ட கடை போர்டு, ஆவணி பாதியில் வியாபாரம் சூடாக இருக்கும்போது உறைந்து நிற்கலாம்.

கழித்துப் பார்த்தால் இந்த வம்பு இல்லை. நேரத்தைக் குறிக்கும் இடம் 'அன்சைன்ட் லாங்' வகையாக இருக்க வேண்டும்.

உயிர் முக்கியம்

சிப்பின் ஒரு காலில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. 40-ஐத் தாண்டினால் சிப் கருகலாம். 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர்தான் ஓடும். நீள வரிசை என்றால் டிரான்சிஸ்டர் வேண்டும்.

230 வோல்ட் விளக்கை நேராகச் சிப்பில் மாட்டவே கூடாது. நடுவில் ரிலே கட்டாயம். இரும்புச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். மழையில் நனைந்த சட்டத்தைத் தொடுவது யார் பிள்ளையோ!

விளக்கு நின்றால் கூலி போச்சு. அடுத்த வருஷ ஆர்டரும் போச்சு. அடுத்த திருவிழாவில் மயில் தடங்கல் இல்லாமல் ஆடினால், உள்ளே தூங்காத ஒரு டைம் கீப்பர் இருக்கிறார் என்று அர்த்தம்!