அறுவை அரங்கில் காப்புப் பொருள்கள்

1946ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே. எம். மாமன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கினார். எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் தோற்றம் அதுவே. 1949 அளவில் அங்குத் தொழிலாளர்க்கான கையுறைகளும் உருவாயின. பலூனுக்கும் கையுறைக்கும் என்ன உறவு? இரண்டும் அச்சினை ரப்பர்ப் பாலில் தோய்த்தெடுத்துச் செய்யப்படுவன. அச்சின்மேல் படிந்த படலம் உலர்ந்து, கந்தகச் சேர்க்கையால் சூட்டில் உறுதி பெறுகிறது. நெசவும் இல்லை, தையலும் இல்லை. எனவே நீர் புக வழியில்லை. அறுவை மருத்துவரின் ரப்பர்க் கையுறையும் இம்முறையில் ஆவதே.

அது அரங்கினுள் நுழைந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889-90 குளிர்காலத்தில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலியின் கைகள் கிருமிகொல்லி நீரால் புண்பட்டன. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்தாரிடம் மெல்லிய ரப்பர்க் கையுறை செய்விக்கச் செய்தார். (பின்னர் அச்செவிலியையே அவர் மணந்தார்.) செவிலியின் தோலைக் காக்க வந்த உறை நோயாளியின் புண்ணையும் காக்கும் என்பது பிறகே புலப்பட்டது.

கைக்கு ரப்பர் கிடைத்தது. மேலங்கியும் விரிப்பும் பருத்தியாகவே நீடித்தன. நீராவியில் தூய்மை செய்த துணி என்பதால் ஐயம் எழவில்லை. 1952இல் வில்லியம் பெக் என்னும் மருத்துவர் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். உலர்ந்த துணியே காப்பு. குருதியில் நனைந்துவிட்டால் ஈரத்தின் வழியே கிருமிகள் மறுபக்கம் ஊறிவிடும். இன்றைய நெய்யா விரிப்புகள் பாலிப்ரொப்பிலீன் இழைகளை அடுக்கடுக்காகப் பிணைத்து, நடுவே மிக நுண்ணிய இழைப்படலம் வைத்து ஆக்கப்படுவது இதனாலேயே.

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. இக்காப்பு இருவழிப்பட்டது என்பதை அத்தொற்று மருத்துவ உலகுக்கு வலியுறுத்தியது. நோயாளியின் குருதியிலிருந்து மருத்துவரும் செவிலியரும் காக்கப்பட வேண்டுமன்றோ?

நம் வட்டாரத்துக்கு இது எட்டாத செய்தியன்று. எண்ணூர் முதல் இராயபுரம் வரை ஆலைகள் நிறைந்த பகுதி. ஸ்டான்லி அரசு மருத்துவமனை கை அறுவைச் சிகிச்சைக்குப் புகழ்பெற்றது. இயந்திரத்தில் நசுங்கிய கை எண்ணெயும் அழுக்குமாகவே வந்துசேரும். துண்டுபட்ட நரம்பையும் குருதிக் குழாயையும் இணைக்கப் பல மணிநேரம் ஆகலாம். அத்தனை நேரமும் விரிப்பு நனைந்து ஊறாதிருப்பது ஒரு தொழிலாளியின் பிழைப்பைக் காப்பதாகும். விலையை எண்ணி இங்குச் சிக்கனம் பார்ப்பது தகாது.

ஆயினும் கையுறை அணிந்தோம் என்று கை கழுவாதிருத்தல் பெரும்பிழை. முழங்கை வரை கழுவுதல் நாள்தோறும் உளூச் செய்வோர்க்குப் புதிதன்று. அறுவை மருத்துவர் கிருமிகொல்லி கொண்டு அதனினும் நெடுநேரம் கழுவுகிறார். ஊசிமுனை பட்டுக் கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை விழக்கூடும். எலும்பு அறுவையில் பலர் ஒன்றின்மேல் ஒன்றாக இரு கையுறை அணிவது அதற்காகவே.