தனுஷ்கோடி

தனுஷ்கோடி என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ள ஒரு கடற்கரை ஊர் ஆகும். 1914 முதல் 1964 வரை ஐம்பது ஆண்டுகள் இது இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த பயணிகள் துறைமுகமாக விளங்கியது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் இத்துறைமுகமும் தொடர்வண்டி நிலையமும் ஊரும் அழிந்தன. அதன் பின்னர் துறைமுகம் மீண்டும் கட்டப்படவில்லை. இன்று இங்கு மீனவர் குடியிருப்புகளும் பழைய கட்டடங்களின் இடிபாடுகளும் உள்ளன.

பெயர்

தனுசு என்றால் வில், கோடி என்றால் நுனி அல்லது முனை. எனவே தனுஷ்கோடி என்பது 'வில்லின் முனை' எனப் பொருள்படும். இலங்கைக்குக் கட்டப்பட்ட சேதுவை இராமர் தம் வில்லின் முனையால் உடைத்தார் என்ற தொன்மக் கதையிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். காசி யாத்திரை செல்வோர் இங்குள்ள சேதுவில் நீராடுவது நெடுங்கால வழக்கமாகும். எனவே துறைமுகம் தோன்றுவதற்கு முன்பே இவ்விடம் புனிதத் தலமாக அறியப்பட்டிருந்தது.

புவியியல்

தனுஷ்கோடி ஒடுங்கிய, தாழ்வான மணல்திட்டின் மீது அமைந்துள்ளது. இதன் வடக்கே பாக்கு நீரிணைப் பகுதியும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. நிலத்தின் கடைசிப் பகுதி அரிச்சல்முனை எனப்படுகின்றது. அதற்கு அப்பால் இராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் எனப்படும் மணல்திட்டுகள் இலங்கையின் மன்னார் தீவை நோக்கிச் செல்கின்றன.

வடகிழக்குப் பருவக்காற்றின்போது வடக்குக் கடலும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது தெற்குக் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். இதனால் இத்தீவின் மீனவர் பருவத்துக்கேற்பக் கரை மாற்றித் தொழில் செய்வர். கடற்கரை மணலில் தோண்டப்படும் ஆழமற்ற ஊற்றுகளில் நன்னீர் கிடைக்கின்றது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் தங்குவதே இதற்குக் காரணமாகும்.

துறைமுகத்தின் தோற்றம்

1914க்கு முன்னர், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தொடர்வண்டியில் தூத்துக்குடிக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்பை அடைந்தனர். கடற்பயணத்தைக் குறைக்க வேண்டுமானால் இரு நாடுகளும் மிக நெருங்கும் இடத்துக்குத் தொடர்வண்டிப் பாதையைக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு முதலில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலான கடலைக் கடக்க வேண்டியிருந்தது.

இதற்காகக் கட்டப்பட்ட பாம்பன் பாலம் 1914 பெப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 2,065 மீட்டர். கப்பல்கள் செல்வதற்காக நடுவில் திறந்து மூடும் தூக்குப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டது. மணல்திட்டுகளின் வழியே இலங்கை வரை பாலம் அமைக்கும் எண்ணமும் அக்காலத்தில் ஆராயப்பட்டது. எனினும் நடைமுறைக்கு வந்தது தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் சேவையே ஆகும்.

போட் மெயில் பயணம்

சென்னை எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' தொடர்வண்டி, பாம்பன் வழியாகத் தனுஷ்கோடித் துறைமுகம் வரை வந்தது. பயணிகள் அங்கு இறங்கி நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரை அடைவர். அங்குக் காத்திருக்கும் மற்றொரு தொடர்வண்டி அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டில் செல்ல முடிந்தது. தொடக்கத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகிய கப்பல்களும் பிற்காலத்தில் இர்வின், கோஷன் ஆகிய கப்பல்களும் இச்சேவையில் ஈடுபட்டன.

அக்காலத்தில் பாம்பனிலிருந்து பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று இராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. கொழும்பு செல்லும் பயணிகள் இராமேசுவரத்தைத் தொடாமலேயே துறைமுகத்தை அடைந்தனர்.

பயணிகளுள் வணிகர்களும் அலுவலர்களும் மட்டுமன்றி, இலங்கையின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களும் பெருமளவில் இருந்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் திரட்டப்பட்ட இவர்கள், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட பின்னரே கப்பலேறினர். 1939 ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கை செல்வதைத் தடை செய்தது.

ஊர் வாழ்க்கை

துறைமுகத்தைச் சார்ந்து ஒரு சிறு நகரம் வளர்ந்தது. தொடர்வண்டி நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சல் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளி, கிறித்தவத் தேவாலயம், கோயில், பயணிகள் விடுதிகள் ஆகியன இங்கு இருந்தன. தொடர்வண்டித் துறையினரும் சுங்கத்துறையினரும் வணிகர்களும் மீனவர்களுடன் வாழ்ந்தனர். மீன்பிடித் தொழில் தவிர, ஊரின் வருவாய் முழுவதும் கப்பல் போக்குவரத்தையே நம்பியிருந்தது.

1964 புயல்

1964 டிசம்பர் நடுப்பகுதியில் அந்தமான் கடற்பகுதியில் உருவான தாழ்வழுத்தம், கடும் புயலாக வலுப்பெற்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாகவும் அலைகள் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் எழுந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஆழமற்ற கடலில், காற்றால் தள்ளப்படும் நீர் கீழ்நோக்கிப் பரவ இடமின்றிக் கரையில் குவியும். இருபுறமும் கடல் சூழ்ந்த தாழ்வான மணல்திட்டில் மக்கள் ஏறித் தப்ப மேட்டுநிலம் இல்லை.

அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இறந்ததாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. தந்தித் தொடர்பு அறுந்ததால் செய்தி வெளியே தெரியத் தாமதமாயிற்று. இப்புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகின்றது. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் உள்ள கோதண்டராமர் கோயில் புயலைத் தாங்கி நின்றது.

மீண்டும் கட்டப்படாத துறைமுகம்

புயலில் பாம்பன் பாலத்தின் 145 இரும்பு உத்தரங்களுள் 126 கடலில் விழுந்தன. தூக்குப் பகுதி தப்பியது. பொறியாளர் இ. சிறீதரனின் பொறுப்பில் பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடி, மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசால் அறிவிக்கப்பட்டது. உயிர் தப்பிய குடும்பங்கள் பல இராமேசுவரம் முதலிய இடங்களில் குடியேறின. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை கைவிடப்பட்டு, இராமேசுவரமே கடைசி நிலையமாயிற்று.

புயலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையின் மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவராயினர். முன்னோர் கப்பலேறிய தனுஷ்கோடி அப்போது இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதைத் தொடர்ந்து, 1980களில் இக்கப்பல் சேவையும் நின்றுபோனது.

இன்றைய நிலை

வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்ட போதிலும் மீனவர் இங்குத் திரும்பி வந்தனர். ஓலைக் குடிசைகளில் வாழ்ந்து, கரைவலை முதலிய முறைகளில் மீன் பிடிக்கின்றனர். தேவாலயம், தொடர்வண்டி நிலையம், நீர்த்தொட்டி ஆகியவற்றின் இடிபாடுகளைக் காணப் பயணிகள் வருகின்றனர். நீண்ட காலம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணல் வழியே வேன்களில்தான் இங்கு வர முடிந்தது. அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் சாலை 2017 இல் திறக்கப்பட்டது. இராமேசுவரத்திலிருந்து தொடர்வண்டிப் பாதை அமைக்க 2019 இல் அடிக்கல் நாட்டப்பட்ட போதிலும் பாதை அமைக்கப்படவில்லை. பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

தலைமன்னார் வரையிலான இலங்கைத் தொடர்வண்டிப் பாதை போருக்குப் பின் சீரமைக்கப்பட்டு 2015 இல் திறக்கப்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கியது. தனுஷ்கோடி வழியே முறையான போக்குவரத்து இல்லை. எனினும் 2022 இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபோது, அங்கிருந்து படகுகளில் வந்த தமிழ்க் குடும்பங்கள் அரிச்சல்முனைக்கு அருகிலுள்ள மணல்திட்டுகளில் இறங்கின. மீட்கப்பட்ட அவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர்.