நாகர்கோவில் வெயிலில் சரியா சுடுற ஏர் ரைஃபிள், டெல்லிக் குளிரில் ஏன் சொதப்புது?

'கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்துக்கிட்டு ரைஃபிளைக் குளிருக்குத் தயார் பண்ணணுமா?'ன்னு சிரிக்காதீங்க. மார்கழி விடியற்காலையில 22, 23 டிகிரி வந்தாலே மப்ளர் தேடுற ஊர்தான் நம்மது. ஆனா 10 மீட்டர் ஏர் ரைஃபிளைக் கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கிட்டீங்கன்னா, ஒருநாள் திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ஏறி வடக்கே போகத்தான் வேணும். பெரிய போட்டிகள் நடக்கிற டெல்லி டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் பக்கம் டிசம்பர் காலையில 7, 8 டிகிரி சாதாரணம். இங்க 32 டிகிரியில பழகின ரைஃபிள் அங்க வேற மாதிரி நடந்துக்கும்.

இந்த விளையாட்டு நமக்கு ரொம்ப தூரத்து விஷயமும் இல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்ல இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல வெண்கலம் வாங்கின ககன் நாரங் பிறந்தது சென்னையில. உலகக்கோப்பையில தங்கம் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர்ல.

முதல்ல, எவ்வளவு தப்பினா எவ்வளவு நஷ்டம்னு பார்த்துடலாம். இந்தப் போட்டியில டார்கெட் நடுவுல இருக்கிற 10-ங்கிற புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதிகபட்சம் ஒரு ஷாட்டுக்கு 10.9, மொத்தம் 60 ஷாட், ஆக 654. மையத்துல இருந்து கால் மில்லிமீட்டர் விலகினாலே 0.1 போச்சு. இப்ப ஒரு கணக்கு. வினாடிக்கு 170 மீட்டர் வேகத்துல கிளம்புற பெல்லட், 10 மீட்டர் போறதுக்குள்ள ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்கும். குளிர்ல வேகம் 165-க்குக் குறைஞ்சா, இறக்கம் 18 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. அது 0.4 புள்ளி. கவனிக்காம 60 ஷாட்டும் அப்படியே சுட்டா, 24 புள்ளி வரைக்கும் காலி!

இங்கதான் நிறையப் பேர் குழம்புறாங்க. குறி நகர்றது வேற, குறி சிதறுறது வேற. அஞ்சு ஷாட்டும் ஒரே இடத்துல கூட்டமா விழுந்து, அந்தக் கூட்டம் மையத்துக்குக் கீழே இருந்தா ஒரு பிரச்னையும் இல்ல. சைட்ல ரெண்டு மூணு கிளிக் திருப்பினா மையத்துக்கு வந்துடும். அதுக்குத்தானே போட்டிக்கு முன்னாடி 15 நிமிஷம் சைட்டிங் நேரம் தர்றாங்க? ஆனா அஞ்சு ஷாட்டும் அஞ்சு பக்கம் போனா, எந்த கிளிக்கும் உதவாது. சிதறலை ஊர்லயே சரிபண்ணணும். நகர்றதை மட்டும் குளிர்ல போய் சரிபண்ணிக்கலாம். இந்த வரிசையை மாத்தினா, சைட் குமிழைத் திருப்பித் திருப்பியே பெல்லட் டப்பா தீர்ந்துடும்.

சரி, சிதறல் எங்கிருந்து வருது? கடையில வாங்குற சாதாரண ரைஃபிள் பெரும்பாலும் ஸ்பிரிங் ரகம். டிரிக்கரை அழுத்தினதும் ஸ்பிரிங் விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காத்தை நெருக்கும், அந்தக் காத்துதான் பெல்லட்டைத் தள்ளுது. இதுல ஒரு சின்ன வில்லங்கம். பெல்லட் பேரலை விட்டு வெளியே போறதுக்குள்ளேயே ரைஃபிள் ஒருதடவை பின்னாடியும் ஒருதடவை முன்னாடியும் உதறும். நீங்க ஒவ்வொரு தடவையும் வேற வேற இறுக்கத்துல பிடிச்சா, உதறலும் வேற வேற மாதிரி இருக்கும். அதனால இறுக்கிப் பிடிக்காதீங்க. இடது உள்ளங்கையில சும்மா உட்கார வைங்க, தினமும் அதே இடத்துல. காசு செலவில்லாம குரூப் சின்னதாகுற ஒரே வழி இதுதான். ஆனா ஆயிரக்கணக்குல ஸ்கோப்புக்குச் செலவழிக்கிறவங்ககூட இதை முயற்சி பண்றதில்ல.

அடுத்தது ஸ்க்ரூ. அந்த உதறல்ல ஸ்டாக்கைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ மெல்ல மெல்லக் கழலும். மர ஸ்டாக்கா இருந்தா நம்ம ஊர்ல இன்னொரு தொல்லையும் சேரும். தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் நமக்கு உண்டு. சாரல் காலத்துல ஈரத்தைக் குடிச்சு மரம் உப்பும். காய்ஞ்ச ஊருக்குப் போனா சுருங்கும். அங்க போய் இறங்கினதும் முதல் வேலையா ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்க. அளவா முறுக்கினா போதும். பலம் காட்டினா மரம் நசுங்கிடும்.

குளிரோட நேரடி விளையாட்டு கிரீஸ்லதான். தேங்காய் எண்ணெய் உறைஞ்சா எப்படி இருக்கும்? அதே கதைதான். தாராளமா கிரீஸ் பூசி வந்த ரைஃபிள்ல, குளிர்ல அது கெட்டியாகி பிஸ்டனை இழுத்துப் பிடிக்கும். முதல் ஷாட் மெதுவா போகும், சுடச்சுட உள்ளே கொஞ்சம் இளகும், பத்தாவது ஷாட் வேகமா போகும். அதாவது சிதறல்! இன்னொரு பக்கம், அதிகப்படி எண்ணெய் பிஸ்டன் முன்னாடி போயிட்டா டீசல் இன்ஜின் மாதிரி உள்ளேயே பத்திக்கும். புது ரைஃபிள்ல முதல் சில நாள் புகையும் பெரிய சத்தமும் வர்றது அதனாலதான். தீர்வு என்னன்னா, பழைய கிரீஸைச் சுத்தமா எடுத்துட்டு, குளிருக்கும் இறுகாத வகையை மெல்லிசா பூசுறது. ஆனா இதை யூடியூப் பார்த்து வீட்ல பண்ணாதீங்க. அழுத்தத்துல இருக்கிற ஸ்பிரிங் கழண்டு வந்தா முகத்துக்கே ஆபத்து. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுங்க. டிரிக்கர் உள்பாகத்தையும் நீங்க நோண்டவே வேண்டாம். அதேபோல, பெல்லட் போடாம வெறுமனே சுடாதீங்க. காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் போய் நேரா மோதும்.

காத்து சிலிண்டர் வச்ச பி.சி.பி. ரைஃபிளா? உங்களுக்கு வேற ஒரு அதிர்ச்சி காத்திருக்கு. இங்க 32 டிகிரியில 200 பார் காட்டின மீட்டர், 7 டிகிரியில சுமார் 184 காட்டும். லீக் இல்ல, பயப்படாதீங்க. குளிர்ந்தா காத்தோட அழுத்தம் குறையும், பள்ளிக்கூடத்துல படிச்ச அதே விதி. நல்ல ரெகுலேட்டர் இருந்தா பெல்லட் வேகம் பெருசா மாறாது. வெளிக்காத்து மட்டும் ஏறக்குறைய 9 சதவிகிதம் அடர்த்தியாகும், அது எல்லா ரைஃபிளுக்கும் பொது.

பெல்லட் விஷயத்துல பிராண்ட் மோகம் வேண்டாம். பேப்பர் டார்கெட்டுக்குத் தட்டைத் தலை பெல்லட் போதும், துளை சுத்தமா விழும். ஒரே கம்பெனியிலயே தலை அளவு 4.49, 4.50னு வித்தியாசமா வரும். உங்க பேரலுக்கு எது பிடிக்கும்னு அந்தப் பேரல்தான் சொல்லணும். மூணு நாலு வகை வாங்கி, உட்கார்ந்து, கையை மணல் பை மேல வச்சு, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு அஞ்சு ஷாட்டா நாலு குரூப் சுடுங்க. ஒரு குரூப் அழகா வந்ததும் ஸ்டேட்டஸ் போடாதீங்க மக்கா, நாலையும் சேர்த்துப் பாருங்க. அதே பரீட்சையை விடியக்காலை ஒருதடவை, உச்சி வெயில்ல ஒருதடவை பண்ணி, தேதி, வெப்பநிலை, எத்தனை கிளிக்னு நோட்டுல எழுதுங்க. நம்ம ஊர்ல பத்து டிகிரி வித்தியாசத்துக்கு எவ்வளவு நகருதுன்னு தெரிஞ்சா, டெல்லியில எந்தப் பக்கம் நகரும்னு முன்கூட்டியே ஊகிக்கலாம். ரைஃபிளை ஃப்ரிட்ஜ்ல வச்சுப் பார்க்கலாமான்னு கேட்காதீங்க. வெளியே எடுத்த நிமிஷமே நம்ம ஈரக்காத்துல முத்து முத்தா வேர்த்து, துருதான் மிச்சமாகும்.

இவ்வளவும் பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும்தான். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ.-க்கு மேல துளை இருந்தாலோ, 20 ஜூலுக்கு மேல சக்தி இருந்தாலோ ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேணும். நாம பேசின போட்டி வேகத்துல அரை கிராம் பெல்லட்டுக்கு எட்டு ஜூல்கூட வராது. மரச்சீனியையும் வாழையையும் பன்னி தோண்டிப் போட்ட ஆத்திரத்துல 'இதை வச்சு ஒரு கை பார்ப்போம்'னு கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் யாராவது கிளம்பினா, பன்னி சாகாது. காயம்பட்டு வெறியோட அலையும், வழக்கு உங்க மேல வரும். 2025-ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச முறையில காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு வெளியே வர்ற காட்டுப்பன்னியைச் சுடுறதுகூட வனத்துறை வேலைதான், விவசாயி வேலை இல்ல. தேரூர் குளத்துக் கொக்கையும் நாரையையும் பத்திச் சொல்லவே வேண்டாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல ராம்சர் பட்டியல்லயே ஏறிடுச்சு.

வீட்ல பழகுறவங்க பெல்லட் தெறிக்காத மாதிரி பின்தடுப்பு வைங்க, கண்ணாடி போடுங்க. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாம பழம்பொரி எடுக்காதீங்க.

போட்டி நாள் காலையில ரைஃபிளை அறை ஹீட்டர் பக்கத்துல வச்சுட்டு நேரா ரேஞ்சுக்கு ஓடாதீங்க. அரை மணி நேரமாவது முன்னாடி போய், ரேஞ்ச் குளிருக்கு அதைப் பழக விடுங்க. சைட்டிங்ல முதல் அஞ்சு ஷாட்டைப் பார்த்து குமிழைத் தொடாதீங்க, கிரீஸ் இளகட்டும். அடுத்த அஞ்சைப் பார்த்துத் திருப்புங்க. உங்க விரலுக்கும் இதே விதிதான். விறைச்ச விரலுக்கு டிரிக்கர் எங்க நிக்குதுன்னு தெரியாது, கடைசி நிமிஷம் வரைக்கும் கையை பாக்கெட்லயே வச்சிருங்க.

முடிச்சுட்டு கதகதப்பான அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காதீங்க. ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். ஊர் திரும்பின பிறகு, டெல்லியில எத்தனை கிளிக் ஏத்தினீங்களோ அத்தனையையும் இறக்குங்க. இல்லேன்னா நாகர்கோவில்ல முதல் ஷாட் மேலே போய் நிக்கும்.