ரைபிள் தோட்டாவின் வெப்பநிலைச் சார்பு

ரைபிள் தோட்டாவின் வெப்பநிலைச் சார்பு என்பது, தோட்டாவிலுள்ள வெடிமருந்தின் வெப்பநிலைக்கு ஏற்ப, குழல்வாயை விட்டு வெளியேறும் குண்டின் வேகம் மாறுவதைக் குறிக்கும். 100 மீட்டர் தூரத்தில் இம்மாற்றம் அநேகமாகப் புலப்படாது. நெடுந்தூரச் சுடுதலில் இது குறி தவறுவதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

காரணம்

தற்காலத் தோட்டாக்களில் நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையற்ற வெடிமருந்து பயன்படுகிறது. பிரான்சு நாட்டு வேதியியலாளர் பால் வியேய் 1884 இல் இவ்வகை மருந்தை உருவாக்கினார். வெப்பமான மருந்துமணியின் மேற்பரப்பு எரிநிலையை அடையக் குறைந்த வெப்பமே போதும். எனவே அது விரைவாக எரிகிறது. விரைவாக எரிவதால் அழுத்தம் உயர்கிறது. உயர்ந்த அழுத்தம் எரிதலை மேலும் விரைவுபடுத்துகிறது. மருந்தில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ மாறாதிருக்க, அது வெளிப்படும் விரைவே மாறுகிறது.

அளவு

மருந்தின் வகையைப் பொறுத்து, 1 °செ மாற்றத்திற்கு வேகம் பொதுவாக வினாடிக்கு 0.1 முதல் 1 மீட்டர் வரை மாறும். எடுத்துக்காட்டாக, 7.62 × 51 மி.மீ. தோட்டாவில் 11.3 கிராம் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 790 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். 1 °செ-க்கு 0.5 மீட்டர் எனில், 10 °செ-இல் குறி சரிசெய்த துப்பாக்கியை 40 °செ-இல் சுடும்போது வேகம் 15 மீட்டர் கூடும். 1000 கெஜத்தில் (914 மீட்டர்) குண்டு ஏறத்தாழ 40 முதல் 50 செ.மீ. மேலே படும். அமெரிக்க நெடுந்தூரப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 51 செ.மீ. தான்.

காற்றின் விளைவு

வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. அழுத்தம் மாறாதிருப்பின், 10 °செ-இலிருந்து 40 °செ-க்கு உயரும்போது அடர்த்தி சுமார் 10 விழுக்காடு குறைகிறது. காற்றுத்தடை குறைவதால் இதுவும் குண்டை மேலே படச் செய்கிறது. எனினும் இவ்விரு விளைவுகளையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். வெயிலில் வைத்த தோட்டா சுற்றுப்புறக் காற்றைவிட மிகுந்த வெப்பமடையலாம். தொடர்ந்து சுட்டுச் சூடேறிய துப்பாக்கியின் தோட்டா அறையில் காத்திருக்கும் தோட்டாவும் அவ்வாறே.

பாதுகாப்பு

குளிர்காலத்தில் அழுத்த வரம்பை ஒட்டி மருந்து நிரப்பிய தோட்டா, கோடையில் அவ்வரம்பைத் தாண்டக்கூடும். சுட்டபின் அடைப்புத்தண்டைத் திறக்கக் கடினமாயிருத்தல் மிகை அழுத்தத்தின் ஓர் அறிகுறியாகும். அத்தகைய தோட்டாக்களைத் தொடர்ந்து சுடுதல் ஆபத்தானது.

ஈடுசெய்யும் முறைகள்

போட்டியாளர்கள் தோட்டாக்களை நிழலில் வைத்து, சுடும் தறுவாயிலேயே அறையில் இடுவர். வெவ்வேறு வெப்பநிலைகளில் வேகமானியால் அளந்து, தத்தம் தோட்டாக்களுக்கு அட்டவணை தயாரிப்பர். வெப்பநிலை மாற்றத்தால் குறைவாகப் பாதிக்கப்படும் மருந்துகளும் விற்பனையில் உள்ளன. அவையும் இவ்விளைவைக் குறைக்கின்றனவேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை.