மேசைவடிவ ஆர்கேடு பெட்டியைச் சீரமைத்தல்

மேசைவடிவ ஆர்கேடு பெட்டி என்பது கண்ணாடிக்கு அடியில் திரை படுத்தவாறு பொருத்தப்பட்ட, நாணயம் போட்டு ஆடும் நிகழ்பட விளையாட்டுப் பொறி ஆகும். 1978இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், ஜப்பானியக் காப்பிக் கடைகளில் இவ்வடிவில் பரவியது. இருவர் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறி ஆடுவர். முறை மாறும்போது படமும் தலைகீழாகத் திரும்பும்.

வீட்டில் சீரமைப்போர் முதலில் அஞ்ச வேண்டியது படக்குழாய்க்குத்தான். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம். அதை முறைப்படி இறக்கத் தெரியாதவர், பழைய தொலைக்காட்சி பழுதுபார்த்துப் பழகியவரை அழைப்பதே நல்லது. படம் சுருங்கினாலோ நெளிந்தாலோ, பெரும்பாலும் உள்ளீரம் வற்றிய மின்தேக்கிகளே காரணம். அவற்றின் விலை சொற்பம். புதியதை முனை மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கக்கூடும். ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கானவை. இந்தியாவின் 230 வோல்ட்டில் மின்மாற்றி இல்லாமல் செருகினால் உள்ளிருக்கும் சுற்றுகள் கருகிவிடும்.